பனிச் சாலைக்குச் சங்கிலிச் சட்டம்

பனிக்காலம் வந்தால் காஷ்மீர், லடாக், இமாச்சல மலைப்பாதைகளில் ஒரே கதைதான். பனி கொட்டுகிறது, ஒரு லாரி வழுக்கிச் சாலைக்குக் குறுக்கே நின்றுவிடுகிறது, பின்னால் வரும் வண்டிகள் மைல் கணக்கில் தேங்குகின்றன. உடனே, சக்கரத்தில் சங்கிலி மாட்டிய வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி என்று காவல்துறை அறிவிக்கிறது. எந்தச் சங்கிலி, எந்தச் சக்கரத்துக்கு, யார் செலவில் என்ற கேள்விகள் ஓட்டுநர் தலையில் விழுகின்றன. கனரக வாகனங்களைப் பொறுத்தவரை இந்த நிலை இனியும் நீடிக்கக் கூடாது.

முன்பு குளிர்காலத்தில் பல மாதங்கள் மூடிக் கிடந்த, காஷ்மீரை லடாக்குடன் இணைக்கும் சோஜிலா கணவாயை, எல்லைச் சாலைகள் அமைப்பு அண்மை ஆண்டுகளில் ஓரிரு மாதங்களிலேயே திறந்துவிடுகிறது. 2020இல் இமாச்சலத்தில் அடல் சுரங்கப்பாதையும் 2021இல் காஷ்மீர் பாதையில் பனிஹால்–காசிகுண்ட் சுரங்கப்பாதையும் வந்தன. பாராட்ட வேண்டிய சாதனைகள். ஆனால், சாலை திறந்திருக்கும் நாள் கூடக் கூட, பனியில் ஓடும் லாரிகளும் கூடுகின்றன. சுரங்கத்துக்குள் பனி இல்லை. அதன் இரு வாசல்களுக்கும் வெளியே உண்டு.

இது வடக்கே உள்ளவர்களின் கவலை மட்டுமன்று. ஸ்ரீநகரில் தொடங்கும் தேசிய நெடுஞ்சாலை 44, நாமக்கல் வழியாகத்தான் கன்னியாகுமரிக்கு வருகிறது. நாமக்கல், சங்ககிரி லாரிகள் நாடு முழுவதும் லோடு ஏற்றிச் செல்கின்றன. பனியையே பார்த்திராத ஓட்டுநர், கடைசி நேரத்தில் கிடைத்த சங்கிலியை வாங்கி மாட்டி மலையேறுவது ஆபத்து.

சங்கிலி என்றால் எல்லாம் ஒன்றல்ல. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவுக்குப் பொருந்தாத சங்கிலி நழுவும். அறுந்தால் பிரேக்கின் ஏர் ஹோஸைக் கிழித்துவிடும். ஏணிபோல் குறுக்குக் கண்ணிகள் மட்டும் உள்ள சங்கிலி புதுப்பனியில் இழுக்கும். இறுகிய பனிக்கட்டியில் பக்கவாட்டு வழுக்கலைத் தடுக்க வைர வடிவப் பின்னலும், கண்ணிகளில் பற்றவைத்த முனைகளும் வேண்டும். மாட்டும் இடமும் முக்கியம். பத்துச் சக்கர லாரிகள் பலவற்றில் பின்னால் இரண்டு அச்சுகள் இருந்தாலும், இன்ஜின் சுழற்றுவது கிரவுன் பற்சக்கரம் உள்ள அச்சை மட்டும்தான். மற்ற அச்சான டம்மி ஆக்சிலில் சங்கிலி மாட்டினால் வண்டி ஏறாது. சிறிது தூரம் ஓடியதும் நிறுத்தி, தளர்ந்ததை இறுக்க வேண்டும். வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. காலி வண்டிதான் பாரம் ஏற்றிய வண்டியைவிட எளிதில் வழுக்கும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

இத்தனையையும் கொட்டும் பனியில், மரத்துப்போன விரல்களோடு, சாலையோரத்தில் நின்று முதன்முறையாகக் கற்றுக்கொள்ளும்படி ஓட்டுநரை விடுவது நியாயமா? டயரும் பிரேக்கும் வாங்கித் தருவது உரிமையாளரின் பொறுப்பு என்றால், சங்கிலியும் அவர் பொறுப்பே.

ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகள், குறைந்தது இரண்டு இயங்கு சக்கரங்களுக்கான சங்கிலியைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். அமெரிக்காவின் கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையின் மலைப்பகுதியில் செப்டம்பர் முதல் மே வரை வணிக வாகனங்களுக்கு அதே கட்டாயம். சங்கிலி மாட்ட வேண்டிய நேரத்தில் மாட்டாமல் போய்ச் சாலையை அடைத்தால் அபராதம் 1,000 டாலருக்கு மேல். சங்கிலி மாட்டத் தனி ஒதுக்கிடங்களையும் அந்த மாநிலம் அமைத்திருக்கிறது. கட்டாயப்படுத்தும் அரசு வசதியும் செய்து தருகிறது.

சங்கிலி தார்ச் சாலையைக் கெடுக்கும் என்பார்கள். உண்மைதான்; பனி முடியும் இடத்தில் கழற்றுவதையும் விதியில் சேர்த்தால் போகிறது. காஷ்மீருக்குச் செல்லும் நெடுஞ்சாலை மூடப்படுவது பெரும்பாலும் நிலச்சரிவால்தானே என்றும் கேட்கலாம். அந்த வழியிலுள்ள ராம்பன் பகுதியில் மலை சரிந்தால் எந்தச் சங்கிலியும் உதவாதுதான். ஆனால், தடுக்க முடியாத தடையைக் காட்டித் தடுக்கக்கூடியதை விட்டுவைப்பது நிர்வாகமல்ல.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அடுத்த பனிக்காலத்துக்கு முன் நான்கு காரியங்களைச் செய்ய வேண்டும். எந்தச் சாலையில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை சங்கிலி கட்டாயம் என்று நிரந்தரமாக அறிவிக்க வேண்டும். கனரகச் சங்கிலிகளுக்குத் தரமும் அளவும் வரையறுக்க வேண்டும். ஏற்றம் தொடங்கும் இடங்களில் விளக்கு வசதியுடன் ஒதுக்கிடம் அமைத்து, மாட்டக் கற்றுத்தர ஆள் நியமிக்க வேண்டும். சங்கிலி இல்லாமல் வண்டியை அனுப்பினால் அபராதத்தை உரிமையாளரிடமே வசூலிக்க வேண்டும், ஓட்டுநரிடம் அல்ல. கணவாயைத் திறந்துவைக்க இத்தனை உழைக்கும் அரசுக்கு, அதைக் கடப்பவரின் பாதுகாப்பிலும் அதே அக்கறை இருக்க வேண்டும்.