படகு கட்டிய கைகள் கட்டிய ஆலயம்



ஊரப்பாக்கத்திலும் சுற்றுச் சிற்றூர்களிலும் வீடுகள் பெருகுகின்றன. பழைய சிற்றாலயங்களை இடித்துக் கான்கிரீட்டில் பெரிதாகக் கட்டலாமே என்னும் எண்ணம் எழுவது இயல்பே. முடிவு செய்யுமுன், தென் அமெரிக்காவின் சீலே நாட்டைச் சேர்ந்த சீலோயே தீவுகளின் மர ஆலயங்களைச் சற்று நோக்குவோம்.

17ஆம் நூற்றாண்டில் சேசு சபைக் குருக்கள் அங்கே வேதம் போதிக்கச் சென்றனர். குருக்களோ சிலர், தீவுகளோ பல. ஆகவே படகேறித் தீவு தீவாகச் சுற்றி, ஊருக்குச் சில நாள் தங்கித் தேவதிரவிய அனுமானங்களை நிறைவேற்றினர். மற்ற நாள்களில் செபம் நடத்தவும் ஆலயத்தைப் பேணவும் ஊராருள் ஒருவரை ஏற்படுத்தினர். அவருக்குப் 'பிஸ்கால்' என்று பெயர். முத்துக்குளித்துறையில் புனித சவேரியார் அமர்த்திய கணக்கப்பிள்ளைமாரை இது நமக்கு நினைவூட்டவில்லையா?

காடும் மழையும் மிகுந்த தீவுகள் அவை. மக்கள் படகு கட்டுவதில் வல்லவர்கள். அந்தக் கைகளே ஆலயத்தையும் எழுப்பின. மரத்தோடு மரத்தைப் பொருத்தி, மரமுளைகளால் இறுக்கினர். 18ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆச்சாவோ ஆலயம் இன்றும் நிற்கிறது.

1767இல் ஸ்பெயின் மன்னர் சேசு சபையாரைத் தம் நாடுகளினின்று வெளியேற்றினார். பின்னர் பிரான்சிஸ்கு சபையார் அப்பணியைத் தொடர்ந்தனர். குருக்கள் மாறினர், ஊராரின் காவல் மாறவில்லை. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இவ்வாலயங்களை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றது. அப்பட்டியலில் இன்று 16 ஆலயங்கள் உள்ளன.

ஈரமும் பூச்சியும் மரத்தை அரிக்கத்தான் செய்கின்றன. எனினும் ஒரு தூண் உளுத்ததென்று அவர்கள் ஆலயத்தையே வீழ்த்துவதில்லை. உளுத்த பகுதியை நீக்கி, நல்ல மரத்தை அவ்விடத்தில் பொருத்துகின்றனர். உள்ளூர்த் தச்சரின் கைத்திறனும் அதனால் அழியாமல் வாழ்கிறது.

நம் பழைய ஆலயங்களிலும் தேக்கு உத்தரங்களும் பனஞ்சட்டங்களும் உண்டு. இடிக்கக் கடப்பாரையை எடுக்குமுன், தேர்ந்த தச்சர் ஒருவரை அழைத்துக் காட்டுவோம். ஒழுகும் ஓட்டை முதலில் மாற்றுவோம்; உத்தரம் சுவரில் பதியும் முனையைத் தட்டிப் பார்ப்போம்; கறையான் ஏறும் வழியை அடைப்போம். காக்க இயலாதெனத் தெளிந்தால் புதிது கட்டுவதில் குறையில்லை. ஆராயாது இடிப்பதே குறை. நம் முன்னோர் வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசால் எழுந்த கூரையன்றோ அது?

ஆலயத்தைக் காக்கும் கடமை குருவானவருக்கு மட்டும் உரியதன்று. அவர் இன்றிருப்பார், நாளை மாற்றலாகிச் செல்வார். பங்கு மக்களாகிய நீங்களே என்றும் அதன் காவலர்.