குடக்கூலிக் கொள்ளைக்குக் கடிவாளம் வேண்டும்!

டீக்கடை வைக்க லைசென்ஸ் வேண்டும். லாரி ஓட்ட லைசென்ஸ் வேண்டும். ஒரே வீட்டில் உழைப்பாளிகளை அடைத்து, ஆளுக்கொரு வாடகை கறக்க மட்டும் லைசென்ஸ் கூடாதாம்! இங்கிலாந்தின் வீட்டுச் சொந்தக்காரர்கள் இப்படித்தான் ஓலமிடுகிறார்கள்.

அவர்களிடம் கேட்பது என்ன? வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த 5 பேரோ அதற்கு மேலோ சமையலறையும் கழிப்பறையும் பகிர்ந்து வாழும் வீட்டுக்கு நகரசபையில் லைசென்ஸ் பெறவேண்டும். அங்கே ஒருவர் தூங்கும் அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது. இது 2018 அக்டோபரில் வந்த விதி. நம் கணக்கில் பத்தடிக்கு ஏழடி! அதற்கே இத்தனை கூச்சல்!

கட்டணம் விதித்தால் அது குடியிருப்பவன் தலையில்தான் விழும் என்று கண்ணீர் வடிக்கிறார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்! கட்டணம் இல்லாத காலத்தில் வாடகை ஏறாமலா இருந்தது?

தமிழர்கள் ஏராளமாக வாழும் ஈஸ்ட் ஹாம், லண்டனில் நியூஹாம் நகரசபையைச் சேர்ந்தது. 2013 ஜனவரியில் அந்நகரசபை, தன் எல்லை முழுவதும் வீடு வாடகைக்கு விடும் தனியாருக்கு லைசென்ஸைக் கட்டாயமாக்கியது. இங்கிலாந்தில் இதுவே முதல் தடவை. மற்ற ஊர்களும் இவ்வழியில் போகாதிருக்க, 2015-ல் கன்சர்வேடிவ் தலைமையிலான சர்க்கார் முட்டுக்கட்டை போட்டது. ஊரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இத்தகைய லைசென்ஸ் திட்டம் பரவினால் மந்திரியின் சம்மதம் வேண்டுமாம்! அந்தக் கட்டை அகல 2024 டிசம்பர் ஆயிற்று. சர்க்கார் யார் பக்கம் நின்றது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஆனால், தோழர்களே, காகிதம் மட்டும் உயிரைக் காக்காது. 2023 மார்ச்சில் கிழக்கு லண்டன் ஷாட்வெல்லில், இரண்டு படுக்கையறை கொண்ட வீடொன்றில் தீப்பற்றியது. வங்கதேசத்திலிருந்து வந்திருந்த ஒருவர் மாண்டார். அங்கே முடங்கிக் கிடந்தவர்கள் ஏறக்குறைய இருபது பேர். லைசென்ஸ் இருந்தது, அது அனுமதித்ததோ சிலரை மட்டுமே. தலைகளை எண்ணித் தடுத்தவர் எவருமில்லை! ஒருவன் எழுந்த பாயிலேயே ஷிப்டு முடிந்தவன் சாயும் வாழ்வை அறிந்த நமக்கு இந்தச் சாவு அந்நியமானதல்ல.

லைசென்ஸின்றி வசூலித்த வாடகையைக் குடியிருப்போர் திரும்பக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. 12 மாத வாடகை என்றிருந்த உச்ச வரம்பை 2025-ம் ஆண்டுச் சட்டம் 24 மாதமாக்கிற்று. நல்ல ஆயுதம்தான். ஆனால் தனியாகப் போகிறவனை வீட்டுக்காரன் மிரட்டி விரட்டுவான். குடியிருப்போர் சங்கமாகத் திரண்டு போனால்தான் மிரட்டல் செல்லாது.

லைசென்ஸ் வேண்டும். அதைச் சோதிக்க ஆட்கள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உழைப்பாளிகளின் ஒற்றுமை வேண்டும்!