ஒரு வீட்டுக்கு எத்தனை வாசல்?

 

உங்கள் கைத்தொலைபேசியை ஒரு தடவை கையில் எடுத்துப் பாருங்கள். அதில் பச்சை நிற வட்ஸ்அப் சின்னம் எத்தனை இருக்கிறது? ஒன்றுதானா? அல்லது ரிசீவர் படம் போட்டது ஒன்று, அதே பச்சையில் ஆங்கில ‘பி’ எழுத்துப் போட்டது இன்னொன்று, கடைக்காரத் தம்பி ஏற்றித் தந்த ‘ஜீபீ வட்ஸ்அப்’ மூன்றாவது என்று வரிசையாக நிற்கின்றனவா? பக்கத்தில் இமோ இருக்கிறதா? இமோவோடு ‘இமோ எச்டி’யும் இருக்கிறதா? இவை போதாதென்று வைபர், மெசெஞ்சர், போட்டிம்...?

காத்தான்குடியிலும் காங்கேயனோடையிலும் ஏறாவூரிலும், மட்டக்களப்பு வாவியை அண்டிய மற்ற ஊர்களிலும் இது சாதாரணக் காட்சிதான். கட்டாரிலோ சவூதியிலோ டுபாயிலோ உழைக்கும் மகனோ மகளோ கணவரோ உள்ள குடும்பங்கள் இங்கே ஏராளம். ஒரு காலத்தில் கடிதம் எழுதினோம். எழுதத் தெரியாதவர்கள் ஒலிநாடாவில் பேசிப் பதிந்து, பயணம் போகிறவர் கையில் கொடுத்தனுப்பினார்கள். இன்று முகம் பார்த்துக் கதைக்கிறோம். அது பெரிய அருள்தான். ஆனால் அந்த அருளுக்குள் ஒரு குழப்பமும் வந்து சேர்ந்திருக்கிறது.

மகன் அனுப்பிய செய்தி ஒரு வட்ஸ்அப்பில் வந்து கிடக்கும். உம்மா மற்றதைத் திறந்து வைத்துக்கொண்டு, “பிள்ளை மூன்று நாளாகப் பேசவில்லையே, என்ன ஆனதோ?” என்று மனம் நொந்து கொண்டிருப்பார். அங்கே மகனோ, “உம்மா பார்த்தும் பதில் போடவில்லை” என்று வருந்துவான். மருமகள் சொன்னதை மாமி காணவில்லை, மாமி கேட்டதை மருமகள் கேட்கவில்லை. இப்படிச் சின்னச் சின்ன மனத்தாங்கல்கள் எத்தனை வீட்டில்! “எனக்கு இதெல்லாம் விளங்காது, நான் படிக்காதவள்” என்று தாய்மார் தம்மையே குறை சொல்லிக் கொள்கிறார்கள்.

சகோதரிகளே, தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். இந்தக் குழப்பம் உங்கள் அறியாமையால் வந்ததல்ல. படித்தவர்களையும் பட்டம் பெற்றவர்களையும் இது ஆட்டிப் படைத்திருக்கிறது. உலகத்தின் மிகப் பெரிய கணனி நிறுவனங்களே இதை உண்டாக்கின.

மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் கதையைக் கேளுங்கள். 1999இல் அது ‘எம்எஸ்என் மெசெஞ்சர்’ என்ற மென்பொருளை வெளியிட்டது. 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது, அதற்குள்ளேயே ‘விண்டோஸ் மெசெஞ்சர்’ என்று வேறொன்றை வைத்தது. ஒரே நிறுவனம், ஏறத்தாழ ஒரே பெயர், ஒரே வேலை. எதைத் திறப்பது? எதில் நண்பர் இருக்கிறார்? இது போதாதென்று அதே விண்டோஸுக்குள் ‘மெசெஞ்சர் சேர்விஸ்’ என்று மூன்றாவது ஒன்றும் இருந்தது. அதற்கும் அரட்டைக்கும் ஒரு தொடர்புமில்லை. அலுவலக வலையமைப்புக்குள் அறிவித்தல் அனுப்புவதற்காக வைத்தது அது. விளம்பரக்காரர்கள் அதற்குள் புகுந்து திரையில் குப்பைச் செய்திகளைத் தள்ளத் தொடங்கினார்கள். மெசெஞ்சரை மூடி வைத்தும் செய்தி வருகிறதே என்று மக்கள் திகைத்தார்கள். கடைசியில் 2004இல் வந்த திருத்தப் பதிப்பில்தான் மைக்ரோசொப்ட் அதை நிறுத்தி வைத்தது.

கதை அதோடு முடியவில்லை. 2011இல் அந்த நிறுவனம் ஸ்கைப்பை வாங்கியது. 2013இல் பழைய மெசெஞ்சரை மூடி, எல்லோரையும் ஸ்கைப்புக்குப் போகச் சொன்னது. 2015இல் ‘ஸ்கைப் ஃபோர் பிஸ்னஸ்’ என்று ஒன்று வந்தது. பெயர்தான் ஸ்கைப். உள்ளே இருந்தது லிங்க் என்ற வேறொரு மென்பொருள். பிறகு 2017இல் டீம்ஸ் வந்தது. முடிவில் 2025 மே 5ஆம் திகதி ஸ்கைப்பும் மூடப்பட்டது. “இனி டீம்ஸுக்குப் போங்கள்” என்று சொல்லிவிட்டார்கள்.

கூகுள் மட்டும் சளைத்ததா? 2005இல் டோக், 2013இல் ஹேங்அவுட்ஸ், 2016இல் அலோ, டுவோ என்று இரண்டு. 2019இல் அலோ போனது. 2022இல் ஹேங்அவுட்ஸ் போனது. அதே ஆண்டில் டுவோவுக்கு ‘மீட்’ என்று பெயர் மாற்றினார்கள். ஏற்கெனவே மீட் என்று வேறொன்று இருந்தபடியால், சில காலம் ஒரே போனில் இரண்டு ‘மீட்’ நின்றன! ஆக, குழம்பியவர் குற்றவாளி அல்லர்.

நமது ஊர்ப் போன்களில் இவ்வளவு செயலிகள் சேர்ந்ததற்கு நமக்கே உரிய இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, வளைகுடா நாடுகளின் சட்டம். ஐக்கிய அரபு அமீரகத்தில் பல ஆண்டுகளாக வட்ஸ்அப்பில் செய்தி போகும், படம் போகும்; ஆனால் வாய்ப் பேச்சு அழைப்புக்குத் தடை. அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலிகளில்தான் கதைக்கலாம். ஆகவே டுபாயிலிருக்கும் மகள், “உம்மா, போட்டிம் போடுங்க” என்கிறாள். வேறு நாட்டிலிருக்கும் காக்கா “இமோவுக்கு வாங்க” என்கிறார். ஆளுக்கொரு வாசல்.

இரண்டாவது, நமது நாட்டிலேயே வந்த தடைகள். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை வெடித்தபோது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் முதலியவை முடக்கப்பட்டன. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின்னும் முடக்கப்பட்டன. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி சில மணி நேரம் மறுபடியும் முடங்கின. உறவுகள் எப்படி இருக்கிறார்களோ என்று பதறிய அந்த நேரங்களில், எது வேலை செய்கிறதோ அதை ஏற்றினோம். தடை நீங்கியது. ஏற்றியவை மட்டும் போனிலேயே தங்கிவிட்டன.

சரி, இதனால் என்ன நட்டம் என்று கேட்பீர்கள். இருந்துவிட்டுப் போகட்டுமே?

இங்கேதான் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு வாசல் இருந்தால், வருகிறவர் யார் என்று தெரியும். ஏழு வாசல் இருந்து, எந்த வாசலால் யார் வந்தாலும் “நம்முடைய ஆள்தான்” என்று திறந்து பழகிவிட்டால் என்ன ஆகும்? மகன் இன்று ஒரு இலக்கத்திலும் நாளை இன்னொரு செயலியிலும் வருவது வழக்கமாகிவிட்ட வீட்டில், ஒரு நாள் அவனுடைய படத்தைப் போட்டுக்கொண்டு அந்நியன் வருகிறான். “உம்மா, இது என்ட புது நம்பர். அவசரம், இந்தக் கணக்குக்குக் காசு போடுங்க” என்கிறான். உம்மாவுக்குச் சந்தேகம் வருமா? வராது. மகன் அடிக்கடி மாறுகிறவன்தானே! மோசடிக்காரனுக்கு நாம் செய்து கொடுத்த வசதி அது.

ஆகவே மூன்று விடயங்களைப் பிரித்து விளங்கிக் கொள்ளுங்கள். திரையில் தெரியும் சின்னம் ஒன்று. உங்கள் கணக்கு இன்னொன்று. உங்கள் தொலைபேசி இலக்கம் மூன்றாவது. வட்ஸ்அப்பில் உங்கள் கணக்கு இலக்கத்தோடு கட்டப்பட்டிருக்கிறது, சின்னத்தோடு அல்ல. சாதாரண வட்ஸ்அப்பும், 2018இல் வந்த வட்ஸ்அப் பிஸ்னஸும் ஒரே நிறுவனத்தின் அசல் செயலிகள்தான். பின்னையது கடை, வியாபாரம் செய்கிறவர்களுக்காக வந்தது. ஒரே இலக்கத்தை இரண்டிலும் ஒரே நேரத்தில் பாவிக்க முடியாது. ஒன்றில் பதிந்தால் மற்றதிலிருந்து அது கழன்றுவிடும். உங்கள் போனில் இரண்டும் வேலை செய்கின்றன என்றால், இரண்டு இலக்கங்கள் பதியப்பட்டிருக்கின்றன என்று பொருள். மகன் எந்த இலக்கத்துக்கு அனுப்புகிறான் என்று கேளுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது ஜீபீ வட்ஸ்அப். இது வட்ஸ்அப் நிறுவனத்தின் செயலி அல்ல. அசலைப் பிரித்து, வேறு யாரோ மாற்றிக் கட்டியது. ஒரே போனில் இரண்டு இலக்கம் பாவிக்கலாம், பிறர் அழித்த செய்தியையும் பார்க்கலாம் என்று ஆசை காட்டி இதை ஏற்றுகிறார்கள். இப்படியானவற்றைப் பாவிப்போரின் கணக்கை வட்ஸ்அப் நிறுவனம் தடை செய்யும். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. 2021 ஓகஸ்டில், இதே போன்ற ‘எஃப்எம் வட்ஸ்அப்’ என்பதன் ஒரு பதிப்புக்குள் ட்ரையாடா என்ற கள்ள நிரல் புகுத்தப்பட்டிருந்ததைக் கஸ்பர்ஸ்கி நிறுவனம் கண்டறிந்தது. 2022 ஒக்டோபரில் ‘யோ வட்ஸ்அப்’ என்பதன் ஒரு பதிப்பு, பாவிப்போரின் கணக்குத் திறவுகோலையே திருடியதையும் அது கண்டுபிடித்தது. நம் வீட்டுப் பெண்களின் படங்கள், பிள்ளைகளின் படங்கள், குடும்ப இரகசியங்கள் எல்லாம் முகம் தெரியாத ஒருவன் கட்டிய பெட்டிக்குள் இருப்பதை யார் விரும்புவார்கள்? அதுவுமன்றி, ஒருவர் அழித்ததைத் துருவிப் பார்ப்பது நமக்குத் தகுமா? இரண்டு இலக்கம்தான் தேவை என்றால், 2023 ஒக்டோபர் முதல் அசல் வட்ஸ்அப்பே அன்ட்ரொய்ட் போன்களில் இரண்டு கணக்கு வைத்துக்கொள்ள இடம் தந்திருக்கிறது. களவு வாசல் எதற்கு?

பழைய சிம் அட்டையையும் மறந்துவிடாதீர்கள். நீண்ட நாள் பாவிக்காத இலக்கத்தைத் தொலைபேசி நிறுவனங்கள் வேறொருவருக்குக் கொடுப்பது வழக்கம். அந்த இலக்கத்தில் உங்கள் கணக்கு இன்னும் இருந்தால், புதியவர் உங்கள் உறவினர் குழுக்களுக்குள் வந்து நிற்கக்கூடும். இலக்கம் மாற்றினால், வட்ஸ்அப் அமைப்புகளுக்குள் ‘இலக்கத்தை மாற்று’ என்று இருக்கும் வழியால் மாற்றுங்கள். தெரிந்தவர்களுக்கு அறிவிக்கவும் அதில் வழி உண்டு.

இன்னொன்று மனத்தைத் தொடும் விடயம். யாஹூ மெசெஞ்சர் 2018 ஜூலை 17இல் மூடப்பட்டது. ஐசிக்யூ 2024 ஜூன் 26இல் மூடப்பட்டது. ஸ்கைப்புக்கு நடந்ததைப் பார்த்தோம். எந்தச் செயலியும் நமக்கு எழுதித் தந்த சொத்தல்ல. மௌத்தாகிப்போன வாப்பாவின் குரல் ஒரு செயலியின் மூலையில் கிடக்கிறது; “மகள், சாப்பிட்டீங்களா?” என்று கேட்ட அந்த ஒரு வரிக்கு எந்த விலையும் ஈடாகாது. போனை மாற்றும்போதோ, ஜீபீயை அழிக்கும்போதோ அது போய்விடலாம். ஆகவே அழிப்பதற்கு முன் அப்படியான குரல் பதிவுகளையும் படங்களையும் தேர்ந்தெடுத்து, பகிர்தல் வழியாக மின்னஞ்சலுக்கோ வீட்டுக் கணனிக்கோ மாற்றி வையுங்கள். வட்ஸ்அப் தன் சேமிப்பை அன்ட்ரொய்ட் போன்களில் கூகுள் கணக்கில்தான் வைக்கிறது. அந்தக் கணக்கைக் கடையில் திறந்து கொடுத்தார்களா? அதன் கடவுச்சொல் உங்களிடம் இருக்கிறதா? இன்றே விசாரியுங்கள்.

இனி, செய்ய வேண்டியது என்ன? வரும் வெள்ளிக்கிழமை ஓய்வு நேரத்தில் வீட்டார் கூடி உட்காருங்கள். வெளிநாட்டிலுள்ளவரையும் அழைப்பில் சேர்த்துக் கொள்ளுங்கள். செய்திக்கு எது, அழைப்புக்கு எது என்று ஒன்றோ, தவிர்க்க முடியாவிட்டால் இரண்டோ முடிவு செய்யுங்கள். அதைப் போனுக்குரிய அசல் கடையிலிருந்து மட்டும் ஏற்றுங்கள். மற்றவற்றில் உள்ள கணக்கை முதலில் அழித்து, பிறகு செயலியை அகற்றுங்கள். சின்னத்தை மட்டும் நீக்கினால் கணக்கு அங்கேயே நிற்கும். பிறர் அனுப்புவது ஆளில்லா வீட்டுக் கதவடியில் கடிதம் போட்டது போலாகும். இரட்டைச் சரிபார்ப்பு இரகசிய எண்ணை இடுங்கள். குறுந்தகவலில் வரும் ஆறு இலக்கக் குறியீட்டை, கேட்பவர் சொந்த மகனே ஆனாலும் சொல்லாதீர்கள். புது இலக்கத்திலிருந்து காசு கேட்டு யார் வந்தாலும், பழைய இலக்கத்துக்கு அழைத்துக் குரல் கேட்ட பின்னரே அடுத்த வார்த்தை.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உம்மாவின் போனில் புதிது புதிதாக ஏற்றிக் கொடுத்துவிட்டு ஓடிவிடாதீர்கள். பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து, முடிவு செய்ததைத் திரையின் முதற்பக்கத்தில் வைத்து, அவரையே அழுத்தச் செய்து, இரண்டு தடவை பழக்கிவிடுங்கள். “இதுகூடத் தெரியாதா?” என்ற சொல் வேண்டாம். உங்களுக்கு அலிஃப் எழுதப் பழக்கியபோது அவர் அப்படிக் கேட்கவில்லை.

வாசல்கள் குறைந்தால் வீடு சுருங்கிவிடாது. வருகிறவரின் முகம் தெளிவாகத் தெரியும், அவ்வளவுதான். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.