மலையில் எரிவது கடலில் கரைகிறது

2018 நவம்பரில் கலிஃபோர்னியாவின் மாலிபு மலைப்பகுதியில் பரவிய ஊல்ஸி காட்டுத்தீ சுமார் 97,000 ஏக்கரைக் கருக்கியது. தீ அணைந்ததும் ஊர் பெருமூச்சு விட்டது. மழை வந்தபோது அடுத்த பாதிப்பு தொடங்கியது. எரிந்த மண் நீரை உறிஞ்சாமல் வழியவிட, சாம்பலும் சேறும் ஓடைகள் வழியே கடலில் இறங்கின. கரையோரக் கடலில் கலங்கலும் பாக்டீரியாக்களும் கூடியதை 2022-இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது.

இதைப் பின்தொடர மாணவர்களிடம் இன்று நல்ல கருவி இருக்கிறது. நாசாவின் 'டெவலப்' திட்டத்தில் மாணவர்களும் இளம் பட்டதாரிகளும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு இத்தகைய உள்ளூர்ச் சிக்கல்களை ஆராய்ந்திருக்கிறார்கள். தீக்கு முன்னும் பின்னும் எடுத்த அகச்சிவப்புப் படங்களை ஒப்பிட்டால், எந்தச் சரிவு எவ்வளவு கருகியது என்று தெரிகிறது. கலங்கிய நீர் சிவப்பொளியைக் கூடுதலாகத் திருப்பி அனுப்பும். ஆகவே சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில், 10 மீட்டர் நுணுக்கத்தில், பழுப்பு நீர் எந்த முகத்துவாரத்தில் கிளம்பி எதுவரை போகிறது என்று வரைந்துவிடலாம். தீயணைப்புத் துறை, வடிகால் துறை, சுகாதாரத் துறை என்று தனித்தனியே கிடக்கும் பொறுப்புகளை அந்த ஒரே வரைபடம் சேர்த்துக் காட்டுகிறது. அதன் பெரும்பயன் இதுதான் என்பேன்.

ஆனால் வானிலிருந்து பார்த்தால் நீரில் கலந்த ஈயம் தெரியாது, கிருமியும் தெரியாது. மழைநாளில் மேகம் வேறு மறைக்கும். யாராவது கரைக்குப் போய்ப் புட்டியில் நீர் எடுத்தே ஆக வேண்டும்.

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் பரவிய பாலிசேட்ஸ், ஈட்டன் தீக்களில் 16,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. எரிந்தது மரம் மட்டுமல்ல. பெயின்ட், மின்கம்பி, பேட்டரி, பிளாஸ்டிக் எல்லாமும்தான். லாஸ் ஏஞ்சலிஸின் மழைநீர் வடிகால்கள் சுத்திகரிப்பு இல்லாமல் கடலில் சேர்கின்றன. ஈட்டன் தீயில் எரிந்த ஆல்டடீனா கடலுக்கு வெகு உள்ளே இருக்கும் ஊர். அங்கே தெருவில் கழுவிவிட்ட சாம்பல் லாஸ் ஏஞ்சலிஸ் ஆறு வழியாக லாங் பீச் கடலுக்குப் போகிறது. அலையில் நீந்தும் பிள்ளையின் உடல்நலம், அவள் பார்த்தேயிராத ஒரு தெருவாசியின் கையிலும் இருக்கிறது.

ஆகவே லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி நிர்வாகம் நீர்ப் பரிசோதனை முடிவுகளை இடமும் தேதியும் சேர்த்து உடனுக்குடன் வெளியிட வேண்டும். தீ இல்லாத ஆண்டுகளிலும் கல்லூரிகள் கடலைப் பதிவுசெய்துவர வேண்டும். ஒப்பிட அந்தக் கணக்குதான் அடிப்படை. வீட்டுக்காரர்களே, சாம்பலைச் சாக்கடையில் தள்ளாமல் அள்ளிக் கட்டி ஒப்படையுங்கள். அதிகாரிகளே, மாணவர்கள் வரைபடத்தோடு வரும்போது அதை வாங்கிப் பாருங்கள். அடுத்த மழைக்கு முன்பே பாருங்கள்.