'வயசு போனா அப்பிடித்தான்' எண்டு சொல்லுறதுக்கு முன்னம்

அம்மம்மா கோயிலுக்குப் போறதை நிப்பாட்டி இரண்டு வருசம் ஆகியிருந்தது. வீட்டில் யாரும் அதைப் பெரிசாக எடுக்கவில்லை. 73 வயது. முழங்கால் நோ, பிரஷர், கொஞ்சம் சீனி. "வயசு போனா அப்பிடித்தான்" எண்டு அம்மா சொன்னா. மாமா சொன்னார். நானும் சொன்னேன். இந்தக் கட்டுரை அந்த வசனத்தைப் பற்றியது.

தொடங்கினது ஒரு வெள்ளிக்கிழமை. கோயில் வாசலில் நிண்டு, கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டவா, பக்கத்தில் நிண்ட மாமியின்ர தோளைப் பிடிச்சுக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்திட்டா. "கோபுரம் சுத்துது பிள்ளை" எண்டு மட்டும் சொன்னா. விரதக் களை எண்டு ஒருவர். பித்தம் எண்டு ஒருவர். நாவூறு எண்டு இன்னொருவர். வீட்டுக்குக் கூட்டிவந்து தேசிக்காய்த் தண்ணி குடுத்தோம், சரியாகிவிட்டது. அடுத்த நாள் விடிய, படுக்கையில் திரும்பேக்க வீட்டுக்கூரையே சுத்தியிருக்கு. சத்தி எடுத்தா. ஓட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். பார்த்தால் பிரஷர் கொஞ்சம் கூட. விடிய விடியச் சத்தி எடுத்த, பயந்துபோன ஒரு மனுசிக்குப் பிரஷர் கூடாமல் என்ன செய்யும் எண்டு அப்ப எங்களுக்கு விளங்கவில்லை. அன்றிலிருந்து அவாவின்ர தலைச்சுற்றுக்கு 'பிரஷர்' எண்டு பேர் வைத்தாயிற்று.

அதுக்குப் பிறகு அம்மம்மாவின்ர உலகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. குனிஞ்சு முற்றம் கூட்டுறதை விட்டா. கிணத்தடிக்குத் தனியப் போறதை விட்டா. குசினியில் மேல்தட்டில் இருக்கிற ஊறுகாய்ப் போத்திலை எடுக்க என்னைக் கூப்பிட்டா. இடப்பக்கமாக மட்டும் படுத்தா. திருவிழாவுக்குக் கூப்பிட்டபோது, "சாமி வீதி சுத்திறதெண்டா நான் சுத்தாம நிக்கோணுமே" எண்டு பகிடி விட்டா. எல்லாரும் சிரிச்சோம். இப்ப நினைச்சால் அந்தச் சிரிப்புத்தான் எனக்குச் சுடுகிறது.

கிளினிக்குக்கு மூன்று தரம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று தரமும் நடந்தது ஒண்டுதான். டொக்டர், "என்ன அம்மா செய்யுது?" எண்டு அவாவைப் பார்த்துக் கேட்பார். அம்மம்மா வாய் திறக்க முதல் நான் சொல்லிவிடுவேன்: "பிரஷர் டொக்டர், தலை சுத்திறது." பின்னால் வரிசை வாசல்வரைக்கும் நிற்கும். குளிசை எழுதித் தருவார். நன்றி சொல்லிவிட்டு வருவோம். டொக்டரில் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கேட்டார்தானே. அம்மம்மாவின்ர வாயைப் பொத்தினது நான்.

போன வருசம் படிப்பு லீவில் வீட்டுக்கு வந்து அவாவின்ர அறையில் படுத்தேன். விடியப்புறம் நாலு மணி இருக்கும். கட்டில் கிரீச்சிட்டது. அம்மம்மா நித்திரைத் தூக்கத்தில் வலப்பக்கம் திரும்பிவிட்டா போல. இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடிச்சு, கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுக்கிறா. தேவாரமாக்கும் எண்டு நினைச்சேன். கிட்டப் போய்க் கேட்டால் எண்ணுகிறா. இருபத்திரண்டு, இருபத்திமூண்டு, இருபத்திநாலு.

"ஏன் அம்மம்மா எண்ணுறீங்கள்?"

"முப்பது எண்ணினா நிண்டிடும் குஞ்சு. வலப்பக்கம் திரும்பினாத்தான் வரும். மேல பார்த்தாலும் வரும். சும்மா இருந்தா ஒண்டுமில்லை."

இரண்டு வருசமாக அவாவிடம் முழு விபரமும் இருந்திருக்கிறது. எப்ப வரும், எந்தப் பக்கம் வரும், எத்தனை எண்ணினால் போகும் எண்டு. ஒருவரும் கேட்கவில்லை, அவாவும் சொல்லவில்லை.

அடுத்த கிழமை காது மூக்குத் தொண்டை டொக்டர் ஒருவரிடம் போனோம். இந்தமுறை நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அம்மம்மா தானே சொன்னா, முப்பது எண்ணுகிற கதை உட்பட. அவர் அவாவைக் கட்டிலில் இருத்தி, தலையை வலப்பக்கம் திருப்பி, சட்டெண்டு மல்லாக்கப் படுக்கவைத்து, கண்ணைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சில செக்கன் ஒண்டுமில்லை. பிறகு கருமணி இரண்டும் தன்பாட்டில் சுழன்று சுழன்று துடித்தது. பிறகு நிண்டது. "இதுக்குக் காதுதான் காரணம்" எண்டார். அப்படியே தலையை மற்றப் பக்கம் திருப்பி, கொஞ்ச நேரம் பொறுத்து, உடம்போடு சரித்து, திரும்பப் பொறுத்து, எழுப்பி இருத்தினார். பத்து நிமிசம்கூட ஆகவில்லை. அடுத்த கிழமை இன்னொருதரம். அவ்வளவுதான். இரண்டு வருசச் சிறைக்கு இரண்டு பத்து நிமிசம்.

காதுக்குள் என்ன நடக்கிறது எண்டு அன்று இரவு போனில் தேடித் தேடி வாசித்தேன். உட்காதில் கேட்கிற பகுதிக்குப் பக்கத்தில் சமநிலைக்கெண்டு ஒரு பகுதி இருக்கிறது. அங்கே கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கற்கள், ஒரு பசைப்படலத்தில் ஒட்டிக்கொண்டு, எது மேல் எது கீழ் எண்டு மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். அவை கல்சியம் காபனேற்று. எங்கட கிணறு வெட்டேக்க வருகிற சுண்ணக்கல்லும் அதே பொருள்தான். வயது போகப் போக இந்தக் கற்கள் கழரும். கழன்றது, திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்களில் ஒன்றுக்குள் போய் விழுந்தால் கரைச்சல். தலையை அசைத்தவுடன் கல் உருளும், திரவம் அசையும். நீ சுத்துகிறாய் எண்டு காது மூளைக்குப் பொய் சொல்லும். கல் அடங்க ஒரு நிமிசத்துக்குள் எல்லாம் அடங்கும். அம்மம்மா எண்ணின முப்பது அதுதான். மருத்துவத்தில் இதைச் சுருக்கமாக பி.பி.பி.வி. என்பார்கள். வயது போனவர்களின் சுழல் தலைச்சுற்றுக்கு மிகப் பொதுவான காரணங்களில் ஒன்று. டொக்டர் செய்தது, தலையைப் படிப்படியாகத் திருப்பி அந்தக் கல்லை வந்த வழியே வெளியே உருட்டிவிட்டது. குளிசையும் இல்லை, வெட்டுக்கொத்தும் இல்லை.

இந்த முறையைக் கண்டுபிடித்தவர் ஜோன் எப்ளி எண்ட அமெரிக்க டொக்டர். தலையை உருட்டித் தலைச்சுற்றை மாற்றலாம் எண்டு அவர் சொன்னபோது கூட இருந்த டொக்டர்மாரே சிரித்தார்கள். சஞ்சிகைகள் அவருடைய கட்டுரையைத் திருப்பி அனுப்பின. கடைசியில் 1992இல்தான் அது வெளிவந்தது. உட்காதுக்கும் சமநிலைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த ரொபேட் பாரனிக்கு நோபல் பரிசு கிடைத்தது 1914க்கு. அதாவது, நூறு வருசத்துக்கு மேலாகத் தெரிந்த ஒரு விசயத்துக்கு நாங்கள் தேசிக்காய்த் தண்ணி குடுத்துக்கொண்டிருந்தோம்.

எல்லாத் தலைச்சுற்றும் இதுதான் எண்டு நான் சொல்லவரவில்லை. எங்கட பிரச்சினையே எல்லாவற்றையும் ஒண்டெண்டு நினைக்கிறதுதான். இருந்து எழும்பேக்க கண் இருட்டினால் அது பிரஷர் இறங்குவதாக இருக்கலாம், சில நேரம் பிரஷர்க் குளிசையாலேயே. காது அடைச்சு, உள்ளே இரைஞ்சு, கேள்வி குறைஞ்சு, மணிக்கணக்காகச் சுத்தினால் அது மெனியர் நோயாக இருக்கலாம். நாட்கணக்காக விடாமல் சுத்தினால் சமநிலை நரம்பு அழற்சியாக இருக்கலாம். சுத்துறதோடு வாய் கோணினால், கதை குழறினால், ஒரு பக்கம் கை கால் விழுந்தால், பார்க்கிறதெல்லாம் இரண்டாகத் தெரிந்தால், நடக்கவே ஏலாமல் போனால் அது பக்கவாதமாக இருக்கலாம். அங்கே கேள்வி கேட்டுக்கொண்டு நிக்கக்கூடாது, உடனே 1990க்கு அடிச்சு அம்புலன்ஸைக் கூப்பிடவேணும்.

ஆனால் இவற்றைப் பிரித்தறிய முதலில் தேவைப்படுவது பெரிய மெசின் இல்லை. மூன்று கேள்வி. எப்ப வருது? எவ்வளவு நேரம் நிக்குது? என்ன செய்யேக்க வருது? இதைக் கேட்க ஒரு நிமிசம் போதும். வரிசை நீளமாக இருக்கிற டொக்டருக்கு அந்த ஒரு நிமிசம் இல்லாமல் போகலாம். எங்களுக்கு இல்லையா? வீட்டிலேயே கேட்டு, ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு போகலாம். அதைவிட நல்லது, அவர்களையே சொல்லவிடுவது.

இன்னொரு பிழையும் விட்டோம். "சுத்துதெண்டா படுங்கோ" எண்டு படுக்கவைத்தோம். பாசத்தில்தான். ஆனால் சமநிலை எண்டது காது, கண், பாதம் மூன்றும் சேர்ந்து செய்கிற வேலை. ஒண்டு பலவீனமானால் மற்ற இரண்டையும் வைத்துச் சமாளிக்க மூளை பழகும், ஆள் அசைந்தால், நடந்தால்தான் பழகும். படுத்தே கிடந்தால் காலும் பலம் இழக்கும், பயமும் கூடும், பிறகு உண்மையாகவே விழுவார்கள். தலைச்சுற்றுக்குத் தருகிற சில குளிசைகளும் முதல் ஓரிரு நாள் சத்திக்கு நல்லது, மாதக்கணக்கில் போட்டால் அந்தப் பழக்கத்தை மந்தமாக்கும். நீங்களாக நிப்பாட்டாதீர்கள், எவ்வளவு காலம் போடவேணும் எண்டு கேளுங்கள். தலையை உருட்டுகிற முறையையும் வீடியோ பார்த்து வீட்டில் செய்து பார்க்கவேண்டாம். எந்தக் காது எண்டு தெரியவேணும், கழுத்து நோ இருக்கிறவர்களுக்கு ஆபத்து. முதல்தரம் தெரிந்தவர் செய்யட்டும்.

என் கருத்து இதுதான். முதியோருக்குச் சீனியும் பிரஷரும் பார்க்கிறதுபோல, படுக்கவைத்துக் கண்ணைப் பார்க்கிற அந்தச் சோதனையும் கிளினிக்கில் வழக்கமாகவேணும். அதுக்கு ஒரு கட்டிலும் பழகின ஒரு கையும் போதும். அது வரும்வரைக்கும், 'வயசு' எண்டதை ஒரு நோயின் பேராகப் பாவிக்கிறதையாவது நாங்கள் நிப்பாட்டலாம். வயசு போனா அப்பிடித்தான் எண்டு சொல்லேக்க, உண்மையில் நாங்கள் சொல்வது 'இதுக்குமேல் கேட்க எனக்கு நேரமில்லை' எண்டதைத்தான்.

அம்மம்மாவுக்கு முழுசாகச் சுகம் எண்டு எழுத ஆசைதான். இந்த வருத்தம் திரும்ப வரும். எட்டு மாதத்தில் வந்தது. ஆனால் இந்தமுறை அவா போன் எடுத்து, "பிள்ளை, அந்தக் கல்லு திரும்ப வெளிக்கிட்டிட்டுது, வலப்பக்கம்தான், எண்ணிப்பாத்தன்" எண்டா. பயம் இல்லாத குரல். மாமா கூட்டிக்கொண்டு போனார், ஒரே நாளில் சரி. இரவில் எழும்பினால் தெரிய ஒரு சின்ன லைட்டும், கிணத்தடியில் பிடிக்க ஒரு கம்பியும் இப்ப இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். கோபுரத்தை அண்ணாந்து பார்க்க இன்னும் பயம், வாசற்படியைப் பார்த்தே கும்பிட்டா. முந்தி மூன்று தரம் வீதி சுத்திறவா, இப்ப ஒருதரம், என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு. முடிய, "கிடக்கிற ரெண்டையும் நீ எனக்காகச் சுத்திப்போட்டு வா" எண்டு சொல்லி மண்டபத்தில் இருந்திட்டா.

சுத்தினேன். நீங்களும் இந்தமுறை கம்பஸ் லீவில் வீட்டுக்குப் போனால், பக்கத்தில் இருந்து ஒருக்காக் கேளுங்கள். கேட்டுவிட்டு, பதிலை நீங்கள் சொல்லாதீர்கள்.