ஒட்டுத்துணி வேலைக்கு எந்த ஸ்திரிக்கைப் பெட்டி?



ஒட்டுத்துணி வேலை பழக வரும் பெண்கள் முதலில் கேட்பது தையல் மெஷினைப் பற்றித்தான். மெஷினுக்குக் கடன் கிடைக்கும், உதவி கிடைக்கும், கொடுக்கும்போது படமும் எடுப்பார்கள். ஸ்திரிக்கைப் பெட்டியை யாரும் கேட்பதில்லை. வீட்டில் இருப்பது போதும் என்று விட்டுவிடுகிறோம். பதுளை, பசறை, ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் நான் பார்த்தவரையில், தைத்த பொருள் விலை போகாமல் திரும்பி வருவதற்குப் பல தடவை காரணம் தையல் அல்ல, அழுத்தல்தான்.

பசறைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் ஓர் அக்கா இருக்கிறார். 1977 வன்செயலுக்குப் பின் சிறுபிள்ளையாகப் பெற்றோருடன் வன்னிக்குப் போனவர். 2009இல் கணவரை இழந்து, தாய்வழி உறவுகளைத் தேடி மறுபடி லயத்துக்கே வந்தார். அவர் தைத்த கட்டில் விரிப்பை வாங்க வந்தவர், ஓரம் வளைந்திருக்கிறது என்று சொல்லி பேசிய விலையில் பாதிதான் கொடுத்தார். "தைக்கிறது நேராத்தாங்க மிஸ் இருக்கு, சேர்த்தா மட்டும் கோணிக்கிது" என்றார் அக்கா.

துணியைத் திருப்பிப் பார்த்தோம். தையல் நேர்தான். ஆனால் தையலோரத்து மடிப்புகள் முழுதாக விரியவில்லை. ஒரு மடிப்பில் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு மறைந்தால் என்ன ஆகும்? 12 சதுரம் கொண்ட வரியில் 11 தையல் இருக்கிறது. முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகத் துணி காணாமற்போய்விடும். அடுத்த வரியில் அதே அளவு மறையாது. பிறகு இரண்டு வரியும் எப்படிப் பொருந்தும்?

சட்டைக்கு அயன் பண்ணுவது போல இதற்குப் பெட்டியைத் தேய்த்துக்கொண்டு போகக் கூடாது. வைத்து, அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். தேய்த்தால், அதிலும் கிராஸாக வெட்டிய துண்டென்றால், துணி இழுபட்டுச் சதுரம் சாய்சதுரமாகிவிடும். தைத்த கோட்டின் மேல் முதலில் அப்படியே ஒரு தடவை அழுத்துங்கள். பிறகு மடிப்பைக் கறுத்த துணிப் பக்கம் சாய்த்து அழுத்துங்கள்.

இதற்குக் கனமான, கூர்மூக்குள்ள, நீராவி இல்லாத சாதாரண 1000 வொட் பெட்டிதான் என் தேர்வு. கனம் இருந்தால் பெட்டியே அழுத்தும், நம் தோள் நோகாது. அடித்தட்டில் துளை இல்லாததால் சிறு துண்டுகளில் தடம் விழாது. நீராவிப் பெட்டி கெட்டதென்று சொல்லவில்லை. ஆனால் ஈரம் பட்ட பருத்தி இலகுவில் இழுபடும். யாழ்ப்பாணத்துச் சகோதரிகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அங்குள்ள சுண்ணாம்புக்கல் கிணற்று நீரை ஊற்றினால் துளைகள் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். ஈரம் வேண்டுமானால் கையால் தெளித்துக்கொள்ளலாம்.

1000 வொட் என்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. நமது மின்சாரம் 230 வோல்ட். 1000 வொட் பெட்டி ஏறக்குறைய 4.3 அம்பியர் இழுக்கும், 2000 வொட் நீராவிப் பெட்டி 8.7 அம்பியர் இழுக்கும். லயக் காம்பராக்கள் பலவற்றில் இருப்பது பல்புக்கு இழுத்த மெல்லிய வயரும், அதிலிருந்து பிரித்த ஒரு 5 அம்பியர் பிளக்கும்தான். அதில் பெரிய பெட்டியைப் போட்டால் வயர் சுவருக்குள்ளேயே சூடேறும். ஒரு காம்பராவில் பிடித்த தீ முழு வரிசையையும் கொண்டுபோவதை மலையகத்தில் எத்தனை தடவை பார்த்துவிட்டோம்! பல்ப் ஹோல்டரிலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ வயர் இழுத்து ஒருபோதும் அயன் போடாதீர்கள். மூன்று முளைப் பிளக்கும் ட்ரிப் சுவிச்சும் இருக்கும் வீட்டில் நாலைந்து பேர் சேர்ந்து அழுத்தல் வேலையை வைத்துக்கொள்வது நல்லது. 1000 வொட் பெட்டி ஒரு மணித்தியாலம் முழுச்சூட்டில் நின்றால் ஓர் அலகு. மாதம் 60 அலகைத் தாண்டினால் கட்டணம் ஏறும் என்பதால் அந்தச் செலவையும் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

அழுத்தும் பலகைக்குக் காசு செலவழிக்கவே வேண்டாம். கொழுந்தெடுக்கப் போகும்போது தலையிலும் முதுகிலும் போட்ட பழைய கம்பளி பரணில் கிடக்கும். அதைத் துவைத்துக் காயவைத்து, நான்காக மடித்து, மேலே வெள்ளைப் பருத்தித் துணி கட்டி, உறுதியான மேசையில் விரியுங்கள். கம்பளி சூட்டைப் பிடித்து வைத்து அடியிலிருந்தும் கொடுக்கும், தையலோரம் தட்டையாகும். ஸ்பொஞ்ச் வைத்த கடைப்பலகையில் துணி அமிழ்ந்துபோகிறது. பெட்டியை எடுத்தவுடன் வழவழப்பான ஒரு மரக்கட்டையை மடிப்பின் மேல் வைத்து ஆறவிட்டால் இன்னும் நன்றாகப் படியும்.

கார்மண்ட் வெட்டுத்துண்டுகளில் பருத்தியும் பொலியெஸ்டரும் கலந்து வரும். ஒரு நூலை எரித்துப் பாருங்கள். கடதாசி எரியும் மணத்தோடு மெல்லிய சாம்பலானால் பருத்தி, மூன்று புள்ளிச் சூடு தாங்கும். உருகிக் கறுத்த மணி போல இறுகினால் பொலியெஸ்டர், இரண்டு புள்ளிக்கு மேல் போகக் கூடாது.

பூ, இலை வெட்டி ஒட்டித் தைப்பவர்கள் பழைய கலியாணக் காட் அட்டையில் உருவத்தை வெட்டி, துணியின் ஓரத்தில் கஞ்சித் தண்ணீர் தடவி, அட்டையின் மேல் மடித்துப் பெட்டியின் மூக்கால் அழுத்துங்கள். காய்ந்ததும் அட்டையை உருவினால் ஓரம் கத்தி போல நிற்கும். தைத்து முடிந்தபின் கஞ்சி போக அலசிவிடுங்கள், இல்லையென்றால் பூச்சி அரிக்கும். பசை பூசிய கன்வஸ் பாவித்தால் பெட்டியை அசைக்காமல் பத்து விநாடி வைத்து, ஆறிய பிறகே துணியைத் தூக்க வேண்டும்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாதபோது, சேவல் கொக்கி வைத்த பித்தளைக் கரிப்பெட்டியைப் பலர் தூசி தட்டி எடுத்தார்கள். கனத்துக்கு அதை மிஞ்ச முடியாது. ஆனால் சூட்டுக்கு அளவில்லை. முதலில் கழிவுத் துணியில் வைத்துப் பாருங்கள், அடித்தட்டை ஈரத்துணியால் துடையுங்கள். மிலாறுக் கரி சீக்கிரம் சாம்பலாகிவிடும், சிரட்டைக்கரி நின்று எரியும். கதவைச் சாத்திய காம்பராவில் மட்டும் வேண்டாம். கரிப்புகையில் மணமில்லாத நச்சுவாயு உண்டு, பிள்ளைகள் தூங்கும் இடத்தில் அது உயிருக்கே ஆபத்து. இஸ்தோப்பில் வைத்து வேலை செய்யுங்கள்.

சிறிய சோலார் தகட்டில் அயன் ஓடுமா என்று சில சகோதரிகள் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர் தெருவோர ஸ்திரிக்கை வண்டியைச் சூரிய ஒளியில் இயங்க வடிவமைத்து, 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பேசினார். அது கூரையில் தகடும் உள்ளே மின்கலமும் கொண்ட வண்டி. வீட்டில் இரண்டு பல்பு எரிய வைத்த தகட்டில் 1000 வொட் பெட்டி சூடேறாது. மின்சாரம் இல்லாத வீட்டுக்கு இப்போதைக்குக் கரிப்பெட்டிதான். பழையது வாங்கும்போது, மூடியின் கொக்கி இறுகப் பூட்டுகிறதா என்று இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்து வாங்குங்கள்.