சேர்த்த பணம் வேறு, கையில் எடுக்கும் பணம் வேறு

தோட்டத் தொழிலாளிக்குச் சேமிக்கத் தெரியாது என்று பேசுபவர்கள் நம் சம்பளத் துண்டைப் பார்த்ததில்லை. 2025இல் இருந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தை வைத்துக் கணக்கெடுப்போம். ஊழியர் சேமலாப நிதிக்கு நம்மிடம் 8 வீதம், அதாவது 108 ரூபா வெட்டுகிறார்கள். நிர்வாகம் 12 வீதமாக 162 ரூபா சேர்க்க வேண்டும். ஒரு பேருக்கு 270 ரூபா. மாதம் 25 பேர் கிடைத்தால் 6,750 ரூபா. நாம் சேமிக்காதவர்கள் அல்ல.

ஆனால் அந்தப் பணம் பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும்தான் கைக்கு வரும். பத்து வருடம் கட்டி, கணக்கில் மூன்று இலட்சம் ரூபாவாவது உள்ளவர்கள் வீட்டுக்கோ குறிப்பிட்ட சில சிகிச்சைகளுக்கோ 30 வீதம் வரை முன்கூட்டிக் கேட்கலாம். அதற்கும் படிவம், கடிதம், அலைச்சல். இரவு பத்து மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறினால், ஆட்டோவுக்குக் கொடுக்கச் சேமலாப நிதி உதவாது.

நகையை அடகு வைக்கலாம். ஆனால் முழுப் பெறுமதியும் தரமாட்டார்கள், வட்டி ஓடும், தவணை தவறினால் ஏலம். சீட்டில் நம் முறை பத்தாம் மாதம் என்றால் மூன்றாம் மாத வருத்தத்துக்கு அது உதவாது. நிலையான வைப்பை இடையில் உடைத்தால் வட்டி குறையும். இவை வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் இவற்றிலேயே பூட்டிவிட்டால், அவசரத்துக்குக் கை நீட்டுவது லயத்து வாசலுக்கு வரும் வாரக் கடன்காரரிடம்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலால் மலையகப் பாதைகள் அடைபட்டபோது, வேலையில்லாத நாளிலும் மா வாங்கக் காசு வேண்டியிருந்தது.

ஆகவே ஒவ்வொரு குடும்பமும் ஐந்து நாள் சம்பளத்தை, அந்தக் கணக்கில் 6,750 ரூபாவை, கைப்பணமாக வைத்திருக்க வேண்டும். மாதம் ஒரு நாள் சம்பளத்தை ஒதுக்கினால் ஐந்து மாதத்தில் சேரும். முடியாதவர்கள் அரைநாள் சம்பளத்தை ஒதுக்கலாம். ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு வீட்டில் இருக்கட்டும். மீதியைத் தபாலகத்தில் தேசிய சேமிப்பு வங்கிப் புத்தகத்தில், கொழுந்தெடுக்கும் பெண்ணின் பெயரிலேயே போடுங்கள். தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் அதைத் தொடக்கூடாது. அவசரத்துக்கு எடுத்தால் அடுத்த சம்பளத்திலிருந்து திருப்பி நிரப்ப வேண்டும்.

இதைச் சொல்வதால் சம்பளப் போராட்டம் தேவையில்லை என்றாகாது. மாதம் பன்னிரண்டு பேர் மட்டும் கொடுக்கும் தோட்டத்தில் யாரும் எதையும் ஒதுக்க முடியாது. முழு வேலை நாட்களையும், வெட்டிய பணத்தை ஒழுங்காகக் கட்டுவதையும் சங்கம் கேட்டே தீர வேண்டும். ஆனால் வேலைக்கு இறங்காமல் நிற்கும் நாளில் அடுப்பு எரிய வேண்டுமே! கடன்காரருக்குப் பயந்து மூன்றாம் நாளே மலைக்கு ஏறினால் போராட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்த சம்பள நாளிலேயே தொடங்குங்கள். புத்தகம் திறக்கத் தோட்டத் தலைவர்களும் தலைவிமாரும் கூட வர வேண்டும்.